டப்பிங்கில் போன குரல்

கம்பத்துத் தியேட்டரில் இடைவேளை முடிந்த பத்தாவது நிமிடம் பாண்டீஸ்வரி திரையில் வந்தாள். அவள் ஊரான அனுமந்தன்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த சனம் மொத்தமும் விசிலடித்தது. அவர்களோடு உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்த அவள் கையைப் புருசன் கருத்தக்கண்ணன் பிடித்துக்கொண்டான். திரையில் அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு யாரோ ஒருத்தியின் குரல்.

"எலேய்! எம் ராசாவ எங்கிட்டுடா கொண்டு போனிய? ஊரையே எரிச்சுப்புடுவேன்!"

தியேட்டர் கைதட்டியது. பாண்டீஸ்வரி புருசன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

போன வருசம் அவள் பழம் வெட்டிக்கொண்டிருந்த திராட்சைத் தோட்டத்தில்தான் படப்பிடிப்பு நடந்தது. மகனைப் பறிகொடுத்த தாயாக நடிக்க வேண்டியவள் வந்து சேரவில்லை. உதவி இயக்குநர் அஜய்குமார் பந்தலுக்குள் நுழைந்து, வேலையாட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்து இவளைக் கூப்பிட்டான். "எழுதின வசனத்த விடுங்கக்கா. இப்படி நடந்தா நீங்க என்ன கேப்பீங்களோ, அதையே கேளுங்க" என்றார் இயக்குநர்.

அவள் யோசிக்கவே இல்லை. நாலு வருசத்துக்கு முன்னால், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து, அதை ஓட்டிய தம்பி சங்கிலி இறந்துபோனான். அன்று ஆஸ்பத்திரியில் கேட்டதையே கேமரா முன்னாலும் கேட்டாள். தம்பி என்பதைப் பிள்ளை என்று மாற்றியதோடு சரி. கத்தவில்லை.

"எம் பிள்ளைய எங்கன வச்சிருக்கீக? மொகத்தத் தொறக்க வேணாம். காலை மட்டும் காட்டுங்க, நான் கண்டுக்கிருவேன்."

லைட் பிடித்தவர்கூட அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் பார்த்த மறுநாள் அஜய்குமாருக்குப் போன் போட்டாள். "எம் வாயில வேற ஆளு பேசுதே தம்பி?"

"அங்க ஜெனரேட்டர் சத்தம்க்கா. டப்பிங்குக்கு உங்களைச் சென்னைக்குக் கூப்பிட நேரமில்ல. அதோட, நீங்க மெதுவாப் பேசினது எடுபடலைன்னு டைரக்டர் மாத்திட்டாரு."

"அந்தப் பொம்பள பேசுறது எந்த ஊருப் பேச்சு? எங்கூர்ல யாரும் அப்படிப் பேச மாட்டாகளே."

"சனங்களுக்குப் பிடிச்சிருக்குல்லக்கா!"

பிடித்துத்தான் இருந்தது. பஸ்ஸில் ஏறினால், "ஆத்தா, அந்த வசனத்த ஒருக்காச் சொல்லுங்க" என்றார்கள். இவள் சொல்லாவிட்டால் அவர்களே கத்திக் காட்டிச் சிரித்தார்கள். "சொல்லித்தான் தொலையேன், என்ன கொறஞ்சு போகும்?" என்றாள் கூட வேலை பார்க்கும் மாயக்காள்.

யூடியூப் சேனல்காரன் ஒருவன் தோட்டத்துக்கே வந்தான். அவன் மைக்கை மாட்டிவிட்டதும், படப்பிடிப்பில் தான் கேட்டதை அப்படியே சொன்னாள். சங்கிலி செத்த கதையையும் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "அதை அப்புறம் எடுத்துக்கலாம்க்கா. முதல்ல படத்துல வந்த மாதிரி கத்துங்க." அவள் மைக்கைக் கழற்றி அவன் கையில் திணித்துவிட்டுப் பந்தலுக்குள் போய்விட்டாள்.

அந்த வாரமே அஜய்குமார் அழைத்தான். அடுத்த படத்தில் பெரிய வேடமாம்.

"எங்குரலே வருமின்னா வாரேன்."

"டைரக்டர்ட்ட கேட்டுச் சொல்றேன்க்கா."

இரண்டு வாரமாகப் பதிலே இல்லை. தினமும் இவள் அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. "விட்டுத் தொலை, எதுக்கு இந்த ரோதன?" என்று கருத்தக்கண்ணன் சலித்துக்கொண்டான்.

"முடியாதுன்னாச்சும் அவுக வாயால சொல்லட்டும், விடுறேன்" என்று மறுபடியும் நம்பரை அழுத்தினாள் பாண்டீஸ்வரி.