நாலங்குல வாய்

நபீஸின் பழைய வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் திரும்பும்போதே, இமெல்டாவுக்குச் சத்தத்தில் ஆளைத் தெரிந்துவிட்டது. ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். ஆறு வருடமாக இந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தாள்.

"தங்கச்சி, பழசெல்லாம் மனசுல வச்சிக்கொள்ளாதே," என்றபடி இறங்கினான் நபீஸ். வெள்ளவத்தையில் பெரிய கராஜ் நடத்துபவன். "புது டர்போ ஒண்டு எடுத்தீக்கிறன். பழசைவிட ரெண்டு மடங்கு பெருசு. காத்து இழுக்குற வாய் மட்டும் நாலு இஞ்சு. பழைய பைப் பத்தாது. அலுமினியத்துல அகலமா வளைச்சி வெல்ட் பண்ண ஒன்னை விட்டா கொழும்புல ஆள் இல்லையாம்."

"சரி நானா, செய்து தாறன்." அண்ணன் முறை வைத்தே சொன்னாள் இமெல்டா.

இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் முழித்தான்.

ஆறு வருடத்துக்கு முன் இமெல்டா அவனிடம் வேலை பார்த்தாள். ஷிப்லி என்ற வாடிக்கையாளரின் கார் ஒன்று, வேலை முடிந்து ஸ்டார்ட் செய்த நிமிடமே நாசமாய்ப் போனது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் வாயில் அடைத்த துணியை யாரோ எடுக்க மறந்திருந்தார்கள். துணி உள்ளே இழுபட்டு, தகடுகள் உடைந்து, எஞ்சின் வரைக்கும் போய்விட்டது. கடைசியாகக் கை வைத்தவன் நபீஸ். பார்த்த சாட்சி இமெல்டா மட்டும். அன்று மாலையே அவன் பேஸ்புக்கில் வீடியோ போட்டான்.

"இது கொட்டாஞ்சேனை இமெல்டாட வேலை. பொம்பிளைட கையில எஞ்சினக் குடுத்தா இதுதான் நடக்கும்."

அதற்குப் பிறகு அவள் தனியாகக் கராஜ் போட்டும் ஒருவரும் அவளிடம் கார் எஞ்சின் கொண்டுவரவில்லை. ஒருகொடவத்தையில் நிற்கும் கொள்கலன் லொறிகளுக்குப் பைப் வளைத்துத்தான் வயிறு கழுவினாள். பெரிய டர்போக்களின் குணத்தை அங்கேதான் படித்தாள். ஷிப்லியின் எஞ்சினுக்குள் இருந்து பொறுக்கிய கருகிய மஞ்சள் துணித்துண்டு, ஒரு ஜாம் போத்தலுக்குள் அவளுடைய கராஜ் சுவர்த்தட்டில் இன்னும் இருக்கிறது.

அவளுடைய கராஜுக்குள் துணிக்கே இடமில்லை. திறந்த வாய் எதுவானாலும் தகர மூடி போடுவாள். மூடியில் சிவப்பு ரிப்பன். ரிப்பனின் மறுமுனை ஸ்டியரிங்கில் கட்டியிருக்கும். ரிப்பன் எல்லாம் அவிழ்ந்த பிறகுதான் அவளுடைய பொக்கெட்டிலிருந்து சாவி வெளியே வரும்.

இரண்டு நாள் வேலை. பழைய டர்போவைக் கழற்றிப் பெரியதைப் பூட்டினாள். அகலமான பைப்பை வளைத்து, வெல்ட் தழும்பு தெரியாமல் தேய்த்தாள். புது டர்போ வறண்டு சுற்றக்கூடாதென்று ஊசியால் ஓயில் விட்டாள். குறை சொல்ல ஓர் இடம் வைக்கவில்லை. ஒரேயொரு நட்டைத் தவிர. வாய்க்கு நேர் மேலே, ஓயில் லைனைப் பிடித்திருக்கும் சின்ன நட்டு. அதை வேண்டுமென்றே இறுக்காமல் விட்டாள். அகலமான பைப்பையும் பூட்டாமல் பக்கத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் நபீஸ் வந்தான். கூடவே, போனும் கையுமாக ஷிப்லி. நபீஸின் வீடியோக்களை எடுப்பது இப்போது அவன்தான்.

"லைவ் போடு மச்சான். நாளைக்கு ரேஸ், சனம் பாத்துக்கொண்டீக்கும்." நபீஸ் சட்டைக் கையை மடித்தான். "தங்கச்சி, கொஞ்சம் அங்கால நில்லு. மறைக்குது."

இமெல்டா ரிப்பனை அவிழ்த்து, மூடியையும் எடுத்துக்கொண்டு விலகி நின்றாள்.

"பாத்தீங்களா இந்த டர்போவ?" நபீஸ் போனைப் பார்த்துச் சிரித்தான். "ரெண்டு நாளா நித்திரையில்லாம பூட்டினது. இப்ப கடைசிப் பைப்பயும் பூட்டப் போறன்."

இமெல்டா பல்லைக் கடித்தாள்.

பைப்பைத் தூக்கியவன், லூசான நட்டைக் கண்டு நின்றான். நட்டு விழுந்தால் நேரே வாய்க்குள்தான். கை தானாகவே பின் பொக்கெட்டுக்குப் போனது. மஞ்சள் துணியை உருவி வாய்க்குள் அடைத்தான். நட்டை இறுக்கினான். இறுக்கும்போதே லைவில் யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும்; ஷிப்லி வாசித்தான், நபீஸ் பதில் சொன்னான், சிரித்தான், இன்னொரு பதில் சொன்னான். அந்தச் சிரிப்போடேயே பைப்பைப் பூட்டி கிளிப்பையும் முறுக்கினான்.

துணி உள்ளேயே இருந்தது.

"சாவியத் தா தங்கச்சி."

சாவி அவளுடைய உள்ளங்கையில் சுட்டது. கொடுத்தால் போதும். மூன்றே செக்கனில் முடிந்துவிடும். ஆனால் எஞ்சின் செத்தால், நாளைக்கு வெள்ளவத்தை முழுக்க என்ன கதைக்கும்? இமெல்டாவின் கராஜில் இன்னொரு எஞ்சின் என்றுதான்.

அவள் நடந்துவந்து, கிளிப்பைத் தளர்த்தி, பைப்பை இழுத்தாள். வாய்க்குள் இரண்டு விரலை விட்டாள். மஞ்சள் துணி வெளியே வந்தது. அதை ஷிப்லியின் போனுக்கு முன்னால் பிடித்தாள். மறுகையால் சுவர்த்தட்டிலிருந்த ஜாம் போத்தலையும் எடுத்து நீட்டினாள்.

ஷிப்லி போத்தலை உற்றுப் பார்த்தான். "நானா... எண்ட காருக்குள்ளயும் இப்பிடித்தானே இருந்திச்சி?"

"மறதி மச்சான். ஆருக்கும் வரும்தானே," என்றான் நபீஸ். போனைக் கையால் மறைக்கப் பார்த்தான். "லைவ்வ நிப்பாட்டு."

"நிப்பாட்டாதேங்கோ," என்றாள் இமெல்டா. "அண்டைக்கு ஷிப்லிட கார்ல துணி வச்சது ஆர் நானா?"

"அது... பழைய கதை..."

"சொல்லாட்டி இந்தத் துணிய வச்ச இடத்திலயே திருப்பி வச்சு ஸ்டார்ட் பண்ணுவன். உங்கட கார். உங்கட துணி. நீங்க வச்சத எல்லாரும் பாத்தாச்சு."

அவள் துணியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். சாவி விரலில் தொங்கியது. விளையாடவில்லை என்று நபீஸுக்குத் தெரிந்தது.

"நான்தான்," என்றான் மெதுவாக.

"கேக்கேல்ல."

"நான்தான் வச்சது! இமெல்டா இல்ல! போதுமா?"

"போனைப் பாத்துச் சொல்லுங்கோ. பேரையும் சேர்த்து."

நபீஸ் ஷிப்லியைப் பார்த்தான். ஷிப்லி போனை இறக்கவில்லை. இன்னும் கிட்டக் கொண்டுவந்தான்.

"ஷிப்லிட எஞ்சின நாசமாக்கினது வெள்ளவத்தை நபீஸ்," என்றான் நபீஸ், போனைப் பார்த்து.

இமெல்டா பைப்பை எடுத்துத் தன் கையாலேயே பூட்டினாள். கிளிப்பை இறுக்கினாள். சாவியைப் போட்டுத் திருப்பினாள். பெரிய டர்போ முதன்முறையாகக் காற்றை இழுத்தது. தகரக் கூரை அதிர்ந்தது. ஷிப்லி போனை அவள் பக்கம் திருப்பினான்.

நடுவில் நபீஸ் நின்றுகொண்டிருந்தான்.

"நானா," என்றாள் இமெல்டா. "கொஞ்சம் அங்கால நில்லுங்கோ. மறைக்குது."