மூன்றரை முதல் நான்கு வரை

1

ஜெயப்ரியா அக்கா என்னிடம் கேட்டது கதை இல்லை. ஒரு பக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமையோடு அவருடைய கணவர் பிரிட்டோ அண்ணன் இறந்து ஒரு வருடம். நினைவு ஆராதனைக்குச் சிறு புத்தகம் ஒன்று அச்சிடுகிறார்கள்.

"அன்னைக்கு உன் அரை மணி நேரத்துல என்ன ஜெபம் பண்ணுனேன்னு எழுதிக் குடு. நீளமா வேண்டாம்."

நான் அன்று ஜெபம் செய்யவில்லை. அதனால்தான் இது கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'கர்த்தருடைய கிருபையால் அன்று பிற்பகல் நான் முழங்காலில்—'

முழங்காலில் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'சங்கிலி ஜெபம் என்பது—'

இதை விளக்கித்தான் ஆக வேண்டும். இந்த வங்காள நகரத்தில் எங்கள் தமிழ்ச் சபை சிறியது. டாலிகஞ்சில் ஒரு வாடகை ஹாலில் கூடுகிறோம். யாருக்காவது பெரிய ஆபரேஷன் என்றால் அந்த நாளை அரை மணி நேரங்களாகப் பிரித்துப் பெயர் எழுதுவோம். தன் நேரம் முடிந்ததும் அடுத்தவரைப் போனில் கூப்பிட்டு, "முடிச்சிட்டேன், நீங்க ஆரம்பிங்க" என்று சொல்ல வேண்டும். நடுவில் இடைவெளி விழக் கூடாது.

பிரிட்டோ அண்ணனின் இதய ஆபரேஷன் அன்று என் பெயர் மூன்றரை முதல் நான்கு வரை.

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. என்னைத்தான் சொல்கிறேன். வேதியியல் படித்தவள். நியூ டவுனில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. சபையில் கடைசி வரிசை. இப்படிப்பட்டவள் நம்பிக்கை இல்லாமல் ஜெபத்தை விட்டாள் என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். ஆனால் அவள் நம்பினாள். எல்லாம் கடவுளின் கையில், எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்று முழுதாக நம்பினாள். கொஞ்சம் குறைவாக நம்பியிருந்தால் பயத்தில் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாள்.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பு, லேக் கார்டன்ஸில் அவர்கள் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் கேட்டேன்.

"எல்லாம் அவர் முன்னாடியே தீர்மானிச்சிட்டாருன்னா நாம ஏன் கேக்கணும்ண்ணே?"

"நீ இதைக் கேக்கதும் அவர் தீர்மானிச்சதுதான்," என்றார் பிரிட்டோ அண்ணன். "கேட்டுட்டே. இப்ப அந்த டீயை எடு."

"சும்மா இருங்க. அவ பேசுததே அபூர்வம்," என்றார் அக்கா.

"அதான். ஆபரேஷன் எனக்கு, பயம் இவளுக்கு. எனக்காக அரை மணி நேரம் பேசுவியாட்டி? நம்மகிட்ட ரெண்டு நிமிஷம் பேச மாட்டேங்குத."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயை எடுத்துக் கொடுத்தேன். என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்று அப்போது நினைத்தேன்.

4

[இந்தப் பகுதியை மூன்று முறை தவிர்த்துவிட்டு எழுதிப் பார்த்தேன். தவிர்த்தால் கதை நன்றாகவே இருக்கிறது.]

மூன்றரைக்கு ஆய்வகத்தை விட்டு இறங்கினேன். எதிரில் டீக்கடை. மண் குவளையில் டீ வாங்கினேன். என் வார்த்தைகளால் எதுவும் நகரப்போவதில்லை என்று தோன்றியது. பிறகு போனில் ஒரு குர்த்தியை மூன்று நிறங்களில் பார்த்தேன். (நீலம், கடுகு மஞ்சள். மூன்றாவது மறந்துவிட்டது. இரண்டு ஞாபகம் இருப்பதே அதிகம்.)

நான்கு மணிக்கு, பட்டியலில் எனக்கு அடுத்திருந்த ராகவேந்திரன் அங்கிளைக் கூப்பிட்டேன்.

"முடிச்சிட்டேன் அங்கிள், நீங்க ஆரம்பிங்க."

"கரெக்டா நாலு. மெட்ரோ ரயிலே தோத்துச்சும்மா உங்கிட்ட."

5

பிரிட்டோ அண்ணன் மூன்று ஐம்பதுக்கு இறந்திருந்தார். நான்கு மணிக்குப் போனில் பேசிய எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

அடக்கத்தின்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வெளிய பெஞ்சுல தனியா இருந்தேன். மணியைப் பாத்தேன். இது உன் நேரம், நீ அவரைப் பத்திப் பேசிட்டிருப்பேன்னு நினைச்சிக்கிட்டேன். அது போதும்போல இருந்துச்சு."

நான் ஜெபிக்காததால் அவர் இறக்கவில்லை. கடவுளை அவ்வளவு சிறியவராக என்னால் நினைக்க முடியாது. ஆனால் ஒரு பெண் அந்த பெஞ்சில் என்மேல் சாய்ந்திருந்தாள். நான் அங்கே இல்லை. அவரைப் பிழைக்க வைக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டாம். எதுவுமே கேட்டிருக்க வேண்டாம். பெயரையாவது சொல்லியிருக்கலாம்.

சில முடிவுகள்:

அ) அவர் பிழைத்துவிடுகிறார். நான் நினைத்தது சரி என்று ஆகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு, இரண்டு காரணங்களுக்காகவும்.

ஆ) அக்காவிடம் உண்மையைச் சொல்கிறேன். அவரிடம் மிச்சமிருந்த அந்த அரை மணி நேரத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

இ) அழகாக ஒரு ஜெபத்தை எழுதிக் கொடுக்கிறேன். இருநூறு பிரதிகள்.

6

கடவுளுக்குக் காலத்தில் முன், பின் இல்லை என்றால், இன்று சொல்வதும் அன்றைக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா? வேதிவினை முடிந்த குடுவையில் பிறகு எதை ஊற்றினாலும் முடிந்த வினை மாறாது. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இருந்தாலும் இன்று மூன்றரைக்கு அதே டீக்கடைக்குப் போனேன். போனைப் பைக்குள் வைத்தேன். 'ஆண்டவரே, பிரிட்டோ அண்ணன்' என்று தொடங்கினேன். அதற்கு மேல்—

அரை மணி நேரமும் அந்தப் பெயர்தான்.

நான்காகிவிட்டது. அக்காவுக்கான பக்கம் காலியாக இருக்கிறது. நாளை அச்சுக்குப் போகிறது. சங்கிலியின் விதிப்படி இப்போது அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். எனக்கு அடுத்து இதைப் படிப்பவர் நீங்கள்தான்.

நான் முடிக்கவில்லை. நீங்கள் ஆரம்பியுங்கள்.