நலம் கேட்காத அழைப்பு

ஆர்னே அந்த விதியைத் தன் கையாலேயே ஒரு அட்டையில் எழுதி, வயர்லெஸ் பெட்டிக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருந்தார். 'முதலில் விஷயம். நலம் விசாரிக்க வேண்டாம்.' இரண்டு எழுத்துப்பிழை. லுசுங்கு திருத்தவில்லை. வேலை மெனக்கெட்டு நார்வேயிலிருந்து வந்து கம்பம் நட்டவரை எழுத்துப்பிழைக்காக நோகடிப்பானேன்.

நார்வே சபை ஒன்று மலாவிக்கு அனுப்பிய ஆறு பேரில் மூத்தவர் ஆர்னே. முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் வயர்லெஸ் பார்த்தவர். பிரசங்கம் வராது, கம்பி கட்ட வரும். கர்த்தர் அதையும் ஊழியமாக எடுத்துக்கொள்வார் என்று நம்பி வந்துவிட்டார். மலையில் இருந்த ஏழு சுகாதார நிலையங்களும் கீழே இருந்த மிஷன் ஆஸ்பத்திரியோடு பேசத் தொடங்கியது அந்த ஆறு பேரால்தான். அதற்கு முன்பு ஒரு செய்தி சொல்ல ஒரு பகல் நடக்க வேண்டும். அந்த ஏழில் ஒன்றுக்கு லுசுங்கு கோண்ட்வே பொறுப்பு. நர்ஸும் அவள்தான், கூட்டிப் பெருக்குகிறவளும் அவள்தான்.

சங்கடம் பேட்டரியில் வந்தது. கேட்பதற்கு அது அதிகம் செலவழியாது, பேசினால் செட் அதைக் குடித்துவிடும். ஆஸ்பத்திரியில் செட்டுக்கு முன் உட்கார்ந்திருப்பவர் கும்வெண்டா, சபை மூப்பர். "மோனிலே" என்று வணக்கம் சொல்லித் தொடங்கினால் உடம்பில் ஆரம்பித்து ஆடுமாடு வரைக்கும் நலம் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். லுசுங்குவும் அப்படியே. ஒருநாள் ஆர்னே கடிகாரம் பிடித்துப் பார்த்தார். ஏழு நிமிஷம். விஷயம், இரண்டு பெட்டி பஞ்சு.

"மூழ்குகிற கப்பலிலிருந்து எவனாவது உங்கள் ஆடு சுகமா என்று கேட்பானோ, சகோதரியே?" என்றார். வேதாகமத்தைப் படித்து மொழி கற்றவர், அவருக்கு வேறு நடை தெரியாது.

"எங்க ஊர்ல கப்பலே இல்லியே ஐயா."

"பேட்டரி உண்டு. அது மூழ்கும்."

அவர் பக்கத்தில் நின்றால் இருவரும் மொட்டையாகப் பேசுவார்கள். அவர் மோட்டார் சைக்கிள் வளைவு தாண்டியதும் பழையபடி ஆடு, மாடு. ஒன்றை மட்டும் யாரும் ஆர்னேவிடம் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த மலையில் வாசலுக்கு வந்து நலம் கேட்காமல் நேராகப் பேச ஆரம்பிப்பவன் ஒரே ஒருவன்தான். சாவுச் செய்தி கொண்டுவருகிறவன். அவன் செத்தவரின் பெயரையும் ஊரையும் சொல்லி நிற்பான், வீட்டுக்காரர்கள் அழத் தொடங்குவார்கள்.

பிப்ரவரியில் நாலு நாள் விடாத மழை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சூரியத் தகடு சும்மா நனைந்துகொண்டிருந்தது. லுசுங்குவின் தம்பி மனைவி டெம்வாவுக்கு முதல் பிரசவம், முந்தின நாள் சாயங்காலமே வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. கையை வைத்துப் பார்த்ததுமே லுசுங்குவுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தால்தான் உண்டு, இங்கே இருந்தால் இரண்டு உயிரும் போகும்.

காலை ஒன்பது மணிக்கு செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரி கடைசி மூச்சில் இருந்தது. வாயில் "மோனிலே" என்றுதான் வந்தது. அட்டையைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். முதல் தடவையாக அந்த விதியை மனசார மதித்தாள்.

"மூப்பரே, லுசுங்கு பேசறேன். டெம்வா, என் தம்பி பொண்டாட்டி. வண்டி அனுப்புங்க, உடனே..."

விளக்கு அணைந்தது.

வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். பதினொன்று ஆனது, பன்னிரண்டும் ஆனது. உள்ளுக்கும் ரோட்டுக்குமாக நடந்து லுசுங்குவுக்குக் காலெல்லாம் சேறு. ஒன்றரை மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. கூடவே பாட்டு. அடக்கத்துக்குப் பாடுகிற பாட்டு.

வண்டியின் பின்னால் வெள்ளைச் சட்டையில் மாதர் சங்கத்தார் எட்டுப் பேர், நடுவில் புதுச் சவப்பெட்டி. தச்சன் பலகை இழைக்கவும் பெண்களைத் திரட்டவும் மூன்று மணி நேரம் போயிருந்தது. கும்வெண்டா கறுப்புக் கோட்டோடு இறங்கி லுசுங்குவின் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே டெம்வா அலறினாள். பாட்டு பாதி வரியில் நின்றது.

"உசுரோடவா இருக்கா?"

"வண்டிதானே கேட்டேன் மூப்பரே! நர்ஸ் எங்க? டிரிப் எங்க?"

"நீ நலம் கேக்கலியேம்மா," என்றார் கிழவர். "பேரைச் சொன்ன, வண்டின்ன, அப்புறம் சத்தமே இல்ல. நான் வேற என்னன்னு நெனைக்கட்டும்?"

அவர்மேல் வந்த கோபம் சுற்றிக்கொண்டு தன்மேலேயே வந்து விழுந்தது அவளுக்கு. கோபப்படவும் நேரமில்லை. அவள் அம்மா வாசலை மறித்து நின்றுவிட்டாள்.

"பொட்டி வந்த வண்டியில என் மருமவள ஏத்த விட மாட்டேன். நீயெல்லாம் படிச்சவளா?"

வெள்ளைச் சட்டைகளில் பாதி அம்மா பக்கம் தலையாட்டியது. பாயிலிருந்து டெம்வா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அத்தே, பொட்டிய எறக்கச் சொல்லுங்க. எனக்கு வண்டியிலதான் எடம் வேணும், பொட்டியில இல்ல."

ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அதன்பிறகு யாரும் வாதாடவில்லை. பெட்டியைச் சேற்றில் இறக்கிவிட்டு டெம்வாவை ஏற்றினார்கள். லுசுங்குவால் கூடப் போக முடியவில்லை, மலேரியாவில் இரண்டு குழந்தைகள் டிரிப்போடு கிடந்தன. தம்பி ஏறிக்கொண்டான்.

ஐந்தரை மணிக்கு ஆர்னே வந்தார். பக்கத்து மலை நிலையத்தில் இருந்த அவரை, ஆஸ்பத்திரி திரும்பிய கும்வெண்டா வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, லுசுங்குவிடம் பேட்டரி செத்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தார். புதுப் பேட்டரியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு சேற்றில் இரண்டு தடவை விழுந்து எழுந்திருந்தார். லுசுங்கு நடந்ததைச் சொன்னாள். அவர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லையே."

"நீங்க கேக்கலியே ஐயா. நாங்களும் சொல்லல."

அவர் அட்டையைக் கழற்றிவிட்டுப் பேட்டரியை மாட்டினார். பச்சை விளக்கு வந்தது. கூப்பிட லுசுங்குவுக்குக் கை எழவில்லை. பயந்தாள். கால்மணி நேரம் கழித்துச் செட்டே கரகரத்தது.

"மோனிலே, நியாகோண்ட்வே."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோண்ட்வே வீட்டுப் பெண்ணே, வணக்கம். டெம்வா செத்திருந்தால் இந்த மனுஷன் வாயில் அது வந்திருக்காது.

"மோனிலே மூப்பரே, மோனிலே!"

"உடம்பு எப்படி?"

"சுகம் மூப்பரே."

"அம்மா எப்படி?"

"சுகந்தான். உங்களைத்தான் திட்டிக்கிட்டிருக்காங்க."

"திட்டட்டும். அங்க மழை விட்டுதா?"

"விட்டுது."

"சோளம்? ஆடு?"

ஒவ்வொன்றுக்கும் சந்தோஷமாகப் பதில் சொன்னாள். ஆர்னே பேட்டரி முள்ளைப் பார்க்கவே இல்லை, முகமெல்லாம் சிரிப்பு. ஆட்டுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசும் விசையை விட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவுக்கும் மழைக்கும் நடுவில் ஒரு கேள்வி வரவேண்டும். பிள்ளைங்க எப்படி? அந்த மலையில் யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. எட்டுப் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் கும்வெண்டா ஒருநாளும் தாண்டியதில்லை.

இனியாவது கேட்பார் என்று காத்திருந்தாள்.

"கோழியெல்லாம் எப்படி?" என்றார் கும்வெண்டா. கோழியை யாரும் விசாரிக்கிறது கிடையாது.

"கோழி நல்லாருக்கு மூப்பரே."

ஆர்னே அவள் தோளைத் தொட்டார். "நற்செய்திதானே, சகோதரியே? இவ்வளவு நேரம் சுகம் விசாரிக்கிறாரே."

"டெம்வா பொழைச்சுட்டா ஐயா," என்றாள் லுசுங்கு. "புள்ள போயிருச்சு."

"அப்படி ஒன்றும் அவர் சொல்லவில்லையே."

வயர்லெஸ் பெட்டிக்குள்ளிருந்து மூப்பர், கூரை ஒழுகுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.