பதினொரு வருஷம் திட்டிய கொடிக்கம்பி

தையல்காரி வீட்டுப் பின்முற்றத்தில் துணி காயப்போடும் கொடிக்கம்பி பதினொரு வருஷம் அவளைத் திட்டியது. காலை பத்து மணிக்குத் தொடங்கும். மதியம் ஒரு மணிக்கு அரைமணி நேரம் ஓய்வு. பிறகு மூன்று மணி வரை விடாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இதையெல்லாம் நாங்கள் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறோம். அடுத்த வீட்டுச் சங்கதியைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பதைவிடப் பெரிய வேலை எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. முதலில் அது திட்டு என்றே எவருக்கும் தெரியாது. குட்டையும் நெட்டையுமாக டிட், டா என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்பியில் காய்ந்த சட்டையைப் போட்டவர் மத்தியானத்துக்குள் யாரோடாவது மல்லுக்கு நிற்பார் என்பது தெரியும். தையல்காரியின் புருஷன் பஸ் கண்டக்டர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷன். அந்தச் சட்டையோடு வேலைக்குப் போய் ஒரே வருஷத்தில் நான்கு பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டு இரண்டு முறை சஸ்பெண்டு ஆனார். கம்பியைக் கழற்றி நைலான் கயிறு கட்டிப் பார்த்தார்கள். சத்தம் ஜன்னல் கம்பிக்குப் போயிற்று. ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள். தையல் மெஷினின் ஊசிக்கு வந்துவிட்டது. சனியனே என்று கம்பியைப் பழைய இடத்திலேயே கட்டினார்கள். வீட்டுக்குள் வாங்குவதை வெளியே வாங்கிக்கொள்வது மேல் இல்லையா.

எதிர்வீட்டில் தந்திக்காரர் இருந்தார். முப்பத்திரண்டு வருஷம் தந்தி ஆபீசில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர். ஒரு தந்திகூட நிலுவை வைக்காமல் பணி முடித்தார் என்று இலாகா கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் படித்தாக வேண்டும். காலை பத்தடித்தால் அவர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு காதில் பஞ்சு வைத்துக்கொள்வதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். வயசானவர், சத்தம் ஆகாது என்று நினைத்தோம். தையல்காரி ஒருநாள் அவரைக் கையோடு அழைத்துவந்து கம்பிக்குக் கீழே நிறுத்தினாள். "சார், உங்க ஆபீஸ் சத்தம் மாதிரியே இருக்கு. என்னன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். அவர் இரண்டு நிமிஷம் கேட்டார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. "ஒண்ணுமில்லம்மா. வெயில்ல கம்பி விரியுது. இரும்புன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். மழைக்காலத்திலும் விரிகிறதே என்று கேட்க எங்களில் ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை.

ஒன்பதாவது வருஷம் ஒரு வாடிக்கைக்காரி ரவிக்கைத் துணியைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். அந்தத் தாளில், புள்ளியும் கோடுமாகத் தந்தி அடிக்கிற மோர்ஸ் எழுத்துகளின் அட்டவணை இருந்தது. தையல்காரி அதைக் கத்தரித்து மெஷினுக்கு மேலே ஒட்டினாள். அளவு எடுக்கிற கண்ணும் புள்ளி வைக்கிற கையும் உள்ளவளுக்கு இது ஒரு பெரிய வித்தையா? நான்கே மாதத்தில் கம்பியை வாசித்துவிட்டாள். ஆங்கில எழுத்தில் கோத்த நம் பேச்சு அது. முதலில் அவள் வாசித்த வாசகம் இது: "நன்றி கெட்ட ஜென்மமே, நீ விளங்கவே மாட்ட. அப்பா செத்ததுக்கு ஒரு தந்தி அடிக்கக் கை வரலயா?" மூன்று மணிக்குத் திட்டி முடித்ததும் ஐந்து எழுத்தில் ஒரு குறி வந்தது. அது கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி, ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற அழைப்புக் குறி என்று மூலைக்கடை ரேடியோ மெக்கானிக் சொன்னார். பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, குறி யாருடையது என்றும் சொன்னார். தையல்காரியின் கூடப்பிறந்த அக்காவுடையது. இரண்டு நாள் பயணத் தூரத்தில், வானிலை ஆபீஸ்காரரைக் கட்டிக்கொண்டு போய், அவரிடம் கற்றுக்கொண்டு, பொழுதுபோக்காக ரேடியோ வைத்திருந்தவள்.

தையல்காரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. திட்டு வாங்கியதற்காக அல்ல. அவள் தந்தி அடித்திருந்தாள். அப்பா இறந்த அன்று கொட்டுகிற மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்த் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்: "அப்பா காலமானார். நீ வரும்வரை எடுக்கமாட்டோம். உடனே வா." ஐஸ் வைத்து மூன்று நாள் காத்திருந்தாள். சொந்தக்காரர்கள் கரித்துக் கொட்டினார்கள். நான்காம் நாள் அவளைப் பிடித்து அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் எடுத்தார்கள். சாவுச் சேதி அக்காவுக்கு யாரோ ஊர்க்காரர் வாயால்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அக்காவுக்குப் போட்ட மூன்று கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. அவளும் அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்று ஒன்பது வருஷமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள்தான். "நான் அடிச்சேன்னு அவளுக்குச் சொல்லணும். சொல்லாம செத்தா என் கட்டை வேகாது" என்று புருஷனிடம் சொன்னாள். தெருவில் டெலிபோன் கிடையாது; கடிதத்தை வாங்கமாட்டாள்; நேரில் போனால் கதவைத் திறக்கமாட்டாள். மிச்சம் இருந்தது ரேடியோ ஒன்றுதான். உரிமம் இல்லாமல் அதைத் தொட்டால் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆளையும் உள்ளே வைப்பார்கள் என்று மெக்கானிக் சொன்னதால் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாள்.

மின்சாரத்தைப் பற்றியும் விதிகளைப் பற்றியும் எழுதுகிற தாளில் அவள் தேறிவிட்டாள். மோர்ஸ் கேட்டு எழுதுவதில்தான் வினை. பரீட்சை அறையில் ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தார்கள். தேர்வு அதிகாரி நிமிஷத்துக்கு ஐந்து சொல் வேகத்தில், வயல், வானிலை, கப்பல் என்று ஏதோ அடித்தார். ஜன்னல் கம்பியில் அக்கா நிமிஷத்துக்கு இருபது சொல் வேகத்தில் அடித்தாள். பழக்க தோஷம், கை அக்கா சொன்னதையே எழுதிற்று. அதிகாரி தாளை வாங்கி, "நன்றி கெட்ட ஜென்மமே, நீ விளங்கவே மாட்ட" என்று வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் என்னம்மா உங்களுக்குக் கெடுதல் பண்ணினேன்?" என்று கேட்டார். ஆறு மாதம் கழித்து இரண்டாம் முறையும் அதே கூத்து. இந்த முறை 'உன் கை அழுகிப்போகும்' என்றும் எழுதியிருந்தது. அரசாங்க ஊழியரை அவமதித்ததாக ஒரு வருஷம் அவளைத் தள்ளிவைத்தார்கள். அந்த ஒரு வருஷமும் தன் மேல் தப்பே இல்லாத பழிக்கு நாள் தவறாமல் திட்டு வாங்கினாள், ஒவ்வொரு சொல்லும் புரிய. முன்னே அது வெறும் சத்தம். இப்போது பத்தடித்தால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள். மூன்றாம் முறை, பரீட்சையை ஒன்று பத்துக்கு வைக்கச் சொல்லி மனு எழுதினாள். சாப்பாட்டு நேரத்தில் என்ன பரீட்சை என்று அதிகாரி எகிறினார். இவளைத் தொலைத்துத் தலைமுழுகினால் போதும் என்று ஒப்புக்கொண்டார். ஜன்னல் சும்மா இருந்தது. ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். அவர் பசியோடு கையெழுத்துப் போட்டார்.

உரிமம் வந்தது, அழைப்புக் குறி வந்தது. மெக்கானிக் கடையின் பழைய பாகங்களை வைத்து அவளே பற்றவைத்துப் பெட்டி செய்தாள். மொட்டைமாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு செப்புக் கம்பி இழுத்தாள். எங்கள் தெருவைப் பற்றி உள்ளதைச் சொல்லவேண்டும். கம்பி ஏறிய மறுநாளே டெலிவிஷனில் கோடு விழுகிறது, தலை வலிக்கிறது, குழாயில் தண்ணீர் சன்னமாக வருகிறது என்று பதினேழு பேர் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்தோம். விசாரிக்க வந்தவர்களிடம் கம்பியின் மறுமுனையைக் காட்டினாள். அது இன்னும் எதிலும் இணைக்கப்படாமல் ஒரு ஆணியில் சுற்றியிருந்தது. நாங்கள் வெட்கப்படவில்லை. வெட்கப்படுகிற தெருவாக இருந்தால் புகாரே கொடுத்திருப்போமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் குறியை அழைத்தாள். நாற்பது நிமிஷம் அழைத்த பிறகு பதில் வந்தது. யார் என்று தெரிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "என் குறி உனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான். தினமும் மூன்று மணிக்கு நீதானே சொல்கிறாய் என்றாள் இவள். நான் எப்போது சொன்னேன் என்றாள் அக்கா. அக்கா ரேடியோவில் ஒருநாளும் திட்டியதில்லை. வசைச்சொல் அனுப்பினால் உரிமம் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும். காய் நறுக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும், ஆற்றாமை தாங்காமல் சமையல் மேடையில் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டிருந்தாள், முடிக்கும்போது கைப்பழக்கத்தில் குறியையும் தட்டினாள், அவ்வளவுதான். புருஷன் வீட்டில் இருப்பதால் ஞாயிறு மட்டும் தட்டமாட்டாள். அது இங்கே ஒரு கம்பியில் கேட்கும் என்று அவள் கண்டாளா? இருந்தும் அவள் இறங்கி வரவில்லை. நான் தந்தி அடித்தேன் என்று தங்கை மூன்று முறை அனுப்பியதற்கு, "வரல. பொய்" என்று ஒரே பதிலைச் சொல்லி, குறியைப் போட்டு, மூடிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை கம்பி வழக்கத்தைவிட உரக்கத் திட்டியது.

தையல்காரி பெட்டியைக் குடைந்து தந்தி ஆபீஸ் ரசீதை எடுத்தாள். தந்தி போனது உண்மை என்று இலாகாக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் அக்கா நம்புவாள் என்று எதிர்வீட்டுக்குப் போனாள். "சார், உங்க கையெழுத்து ஒண்ணு போதும். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்றாள். தந்திக்காரர் ரசீதின் தேதியைப் பார்த்தார். ரசீதைக் கீழே வைத்தார். அப்புறம் எல்லாவற்றையும் கக்கினார். புயலில் லைன் அறுந்திருந்தது. அது அவருடைய கடைசி வாரம். பதினாறு தந்திகள் போகாமல் மேஜையில் கிடந்தன. நிலுவை என்று எழுதினால் சான்றிதழ் போய்விடும் என்று எல்லாவற்றிலும் 'அனுப்பப்பட்டது' என்று முத்திரை குத்திக் குப்பையில் போட்டார். இந்தத் தெருவுக்கு வந்த முதல் நாளே கம்பி சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான் பஞ்சு வைத்துக்கொண்டார். "பயந்துட்டேம்மா" என்றார்.

"பயந்தீங்களா? என் அப்பா மூணு நாள் ஐஸ்ல கிடந்தாரு. நான் பதினோரு வருஷம் வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீங்க எதிர்த்தாப்ல உக்காந்து காதுக்குப் பஞ்சு வச்சுக்கிட்டீங்க. நீங்கல்லாம் மனுஷனா?"

அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவராத குறையாகத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தாள். அடுத்த ஞாயிறு அது. அக்காவை அழைத்து, நடந்ததை நான்கு வரியில் சொன்னாள். பிறகு அந்தத் தந்தியைத் தன் கையாலேயே, எழுத்துக்கு எழுத்து, முதலிலிருந்து அனுப்பினாள். அவள் கை மெதுவான கை. பக்கத்தில் தந்திக்காரரின் விரல்கள் துடித்தன. அரை நிமிஷத்தில் முடிக்கிற வேலை, நான் அடிக்கட்டுமா என்று கையை நீட்டினார். "தொடாதீங்க. அடிக்க வேண்டிய அன்னிக்கு அடிக்கல" என்றாள். 'எடுக்கமாட்டோம்' என்ற சொல்லுக்கு வந்தபோது அவளுக்குக் கண்ணீர் மறைத்தது. இருந்தும் ஒரு புள்ளி தவறவில்லை. அக்கா பதில் சொல்லவில்லை. கம்பியும் அன்றோடு நின்றுவிட்டது. ஒன்பது நாள் கழித்துத் தபாலில் ஒரு அட்டை வந்தது. ரேடியோக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசியதை உறுதி செய்ய அனுப்புகிற அட்டை. அது வந்தால்தான் பேசியது பேசியதாகக் கணக்கு. தேதி என்ற இடத்தில் அக்கா, பதினொரு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்த தேதியை எழுதியிருந்தாள். குறிப்பு என்ற இடத்தில், "தந்தி கிடைத்தது. கிளம்பிட்டேன்" என்று இருந்தது. அந்தத் தேதி ரயில் போய்ப் பதினொரு வருஷம் ஆகிவிட்டதால் அவளால் வந்துசேர முடியவில்லை. தையல்காரி அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கண்டக்டர் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பத்து மணிக்குத் தந்திக்காரர் வீட்டு மாடிக்கம்பி திட்டத் தொடங்கியது. இந்தத் தடவை அக்காவுக்கு எங்கே கேட்கும் என்று தெரியும், ஆகையால் வஞ்சனை இல்லாமல் அடித்தாள். பஞ்சு பலிக்கவில்லை, கூடத்துச் சான்றிதழின் சட்டத்தில் இருந்த ஆணிகளும் சேர்ந்து தட்டின. இருபது நாள் பொறுத்தார் தந்திக்காரர். இருபத்தோராம் நாள் தையல்காரியின் வாசலில் வந்து நின்றார். "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா. நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. போதும்னு சொல்லு" என்றார்.

தையல்காரி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துப் பஞ்சில் குத்தினாள். "எனக்கு அனுமதி இல்ல சார். என் சேதியை நான் அனுப்பலாம். மூணாவது மனுஷர் சேதியை அனுப்பினா உரிமத்தைப் பிடுங்கிருவாங்க. விதி அப்படி. உங்களுக்குத் தெரியாத விதியா?"

அவர் திரும்பிப் போனார். எதிர்மாடியிலிருந்து அக்காவின் கை பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து கேட்டாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய கண்டக்டர், என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"நல்லாத் திட்டுறா" என்றாள் தையல்காரி. "ஒரு எழுத்துப் பிசகல, பாருங்க."