ஐந்தில் ஒரு கறுப்பு

பெரியவர் பெட்டியை ஜன்னல் திட்டில் கவிழ்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த லென்ஸ் தேய்ப்பு மெஷினை நிறுத்த உள்ளே போனார். அவர் திரும்பி வந்து சொல்லும்வரை யாரும் திட்டைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நாங்கள் நால்வரும் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாமூச்சி ஆடுகிறவர்கள் மாதிரி நின்றோம். திறந்த ஜன்னல் வழியாக வெயில் முதுகில் சுட்டது. இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

"ம், பாருங்க" என்றார் பெரியவர்.

திட்டில் ஐந்து லென்ஸ்கள் கிடந்தன. நான்கு வெள்ளை, ஒன்று கறுப்பு. அந்த ஒன்றில் என் தங்கைக்கு இங்கே கிடைக்கவிருந்த வேலை போயிற்று.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. பழைய முதலாளி விட்டுப் போனபோது வேலை பார்த்த ஐந்து பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்டோம். பெரியவர் லென்ஸ் தேய்ப்பார். நாங்கள் டாக்டர் என்று கூப்பிடுகிறவர் உண்மையில் டாக்டர் இல்லை, பார்வை சோதித்து பவர் எழுதுகிறவர். முன்கடை அக்கா பிரேம் விற்பாள். உடைந்த பிரேம்களைச் சரிசெய்கிறவனுக்குத் திருகாணி என்று பெயர், ஆளும் அந்தப் பருமன்தான். லென்ஸில் இடது வலது குறித்து, பிரேமின் அளவுக்கு வெட்டிப் பொருத்துவது நான். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். பேசி என்றால், பெரியவர் பேசுவார், நாங்கள் தலையாட்டுவோம், அப்புறம் டீ குடிக்கும்போது இரண்டு இரண்டு பேராக ஒதுங்கி நின்று அந்த முடிவைத் திட்டுவோம். ஒருநாள் அவர் காதிலேயே அது விழுந்துவிட்டது. அன்றிலிருந்துதான் லென்ஸ் ஓட்டு. கண் சோதிக்கும் இருட்டறையில் வீணாய்ப்போன லென்ஸ்கள் இரண்டு கிண்ணங்களில் இருக்கும். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு. ஒவ்வொருவராக உள்ளே போய் ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். வெள்ளை என்றால் சரி, கறுப்பு என்றால் வேண்டாம். புது ஆளைச் சேர்க்க ஐந்தும் வெள்ளையாக விழ வேண்டும். ஒரு கறுப்பு விழுந்தாலும் அந்தப் பேச்சை ஒரு வருடத்துக்கு எடுக்கக் கூடாது. யார் போட்டது என்று கேட்கவும் கூடாது.

கேட்கக் கூடாது, சரி. நினைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

பெரியவர் லென்ஸ்களை அள்ளுவதற்குள் அந்தக் கறுப்பை மட்டும் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. திருடன் விட்டுப்போன செருப்பை எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு புத்தி.

தங்கை புருஷனை விட்டு வந்து எட்டு மாதமாக என்னோடு இருக்கிறாள். அவளுடைய ஆறு வயது மகள் ராத்திரி என் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். நான் தனிக்கட்டை. இந்த எட்டு மாதத்தில்தான் எங்கள் வீட்டில் சத்தமே கேட்கிறது. பன்னிரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு விடுதியில் வார்டன் வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், பிள்ளையும் அங்கேயே தங்கலாம் என்று. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் கிடைத்தால் போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஓட்டு விழுந்த சனிக்கிழமை சாயங்காலம் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமையிலிருந்து நான் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். டாக்டர் வழக்கத்துக்கு மாறாக எனக்கு வணக்கம் சொன்னார். குற்ற உணர்ச்சி. மறுநாள் சொல்லவில்லை. அதுவும் குற்ற உணர்ச்சி. முன்கடை அக்கா, "தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கேட்டாள். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தங்கை வாயாடி, சிரித்த முகம். அவள் முன்னால் நின்றால் அக்காவின் மவுசு குறையும் என்பது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் இவர்கள் எல்லோரையும்விட எனக்குத் திருகாணி மேல்தான் சந்தேகம். மூன்று வருடத்துக்கு முன் அவனுடைய மச்சானைச் சேர்க்க ஓட்டுப் போட்டபோது ஒரு கறுப்பு விழுந்தது. அதைப் போட்டது நான். அந்த மச்சானின் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். போட்டுவிட்டு வெளியே வந்து, "எந்தப் பாவி போட்டானோ" என்று திருகாணியிடம் உருகினேன். நான் செய்ததை அவன் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முன்கடை அக்காவிடம் வாய் தவறிவிட்டது. வாய் தவறியது என்ன, தவறட்டும் என்றுதான் விட்டேன். "அடுத்தவ பொழப்புல மண்ணப் போட்டுட்டு நலம் வேற விசாரிக்கணுமா?" என்றேன். அவள் முகம் கறுத்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு முன்கடைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு யாரும் யாரோடும் பேசவில்லை. திருகாணி ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டான். வாடிக்கையாளர் ஒருவர் யாராவது தவறிவிட்டார்களா என்று டாக்டரிடம் கேட்டாராம்.

புதன்கிழமை சாயங்காலம் பெரியவர் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"நான்தான்மா போட்டேன். மத்தவங்கள விட்டுடு."

"நீங்களா?"

"ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு பேர் வந்தா, நாளைக்கு எந்த விஷயத்துலயும் ரெண்டு ஓட்டு ஒரு பக்கமா விழும். அதான்."

காரணம் நியாயமாக இருந்தது, அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. இந்த மனிதரையா நான் சந்தேகப்படாமல் விட்டேன் என்று என் மேலேயே எரிச்சல்.

வீட்டுக்குப் போனதும் அந்தக் கறுப்பு லென்ஸைக் குப்பையில் போட எடுத்தேன். கைக்குட்டையைப் பிரித்தால் உள்ளே வெள்ளை லென்ஸ் இருந்தது. யாரோ மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பையைத் தலைகீழாகக் கொட்டி, உள்துணி கிழிய உதறித் தேடினேன். அப்புறம்தான் குழல்விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். வெயிலில் கறுத்து நிழலில் தெளிகிற ரகம். பதினொரு வருடமாக லென்ஸ் பிடிக்கிற எனக்கே, வெள்ளைக் கிண்ணத்தில் இப்படி ஒன்று கிடந்தது இருட்டறையில் தெரியவில்லை. ஐந்து பேருமே வெள்ளைதான் போட்டிருக்கிறோம். பெரியவர் சொன்னது பொய்.

இடம் கொடுத்தால் மனசு உடனே அடுத்த ஆளைத் தேடுகிறது. யார் இதை எடுத்துப் போட்டது என்று திருப்பினேன். ஓரத்தில் நீல மையில் பாதி அழிந்த 'இ' இருந்தது. இடது. என் எழுத்து. ஓட்டுப் போடும்போது, என் எழுத்தைப் பார்த்து நான் போட்டது எது என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று கட்டை விரலால் தேய்த்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கறுப்பில் அந்த நீலம் தெரிந்திருக்கவில்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வராத அளவுக்கு வெட்கம்.

வியாழக்கிழமை காலை நால்வரையும் கூப்பிட்டு, ஜன்னல் திட்டில் லென்ஸை வைத்தேன். அது அவர்கள் கண் முன்னாலேயே கறுத்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

முன்கடை அக்கா லென்ஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இத்தன நாளா இது யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டதான்."

"அப்ப இதுதான் அதுன்னு நாங்க எப்படி நம்புறது? உன் மேஜையில இந்த மாதிரி நூறு கெடக்கு."

டாக்டர், எல்லாரும் எப்படிச் சொல்றீங்களோ அப்படி, என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் சொன்னது பொய்தான்" என்றார் பெரியவர். "ஒருத்தர் ஒத்துக்கிட்டாத்தான் இவ மத்தவங்கள விடுவான்னு தோணுச்சு."

"இப்ப எது பொய், எது நெசம்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. நான் அந்த வாரம் முழுக்கப் பேசியது மாதிரியே பேசினாள்.

அதுவரை வாயைத் திறக்காத திருகாணி கேட்டான். "எங்க மச்சானுக்கு விழுந்த கறுப்பும் இப்படித்தான் வெயில்ல கறுத்துச்சாக்கா?"

கண்டிப்பாக ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் அது சவுகரியமாக இருந்திருக்கும், எனக்கும். வீட்டில் பெட்டி பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது. பிள்ளை தன் பொம்மையை அடியில் வைத்து அதன் மேல் சட்டைகளை வைத்திருந்தாள்.

"இல்லப்பா" என்றேன். "அது கறுப்புதான். நான்தான் போட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். அது எதற்கான ஆட்டு என்று புரியவில்லை. "அந்த ஓட்டு செல்லாது, திரும்பப் போடுவோம்" என்றார் பெரியவர். கிண்ணங்களை வெளியே கொண்டுவந்து ஒவ்வொரு லென்ஸையும் வெயிலில் காட்டிச் சரிபார்த்தார். டாக்டர் உள்ளே போய் வந்தார். நான் போய் வந்தேன். பெரியவர், அப்புறம் அக்கா. அக்கா வெளியே வரும்போது என் பக்கம் திரும்பவில்லை.

கடைசியாகத் திருகாணி போனான். கதவைச் சாத்திக்கொண்டான். எங்களுக்கெல்லாம் பத்து நொடிகூட ஆகவில்லை, அவனுக்கு ஆகிக்கொண்டே இருந்தது. உள்ளே கிண்ணத்தில் லென்ஸ்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. எந்தக் கிண்ணம் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. நான் கதவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றேன்.