மூடிய கோப்பு

பத்து இருபதுக்கு அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். பதினொரு மணிக்கு நேர்காணல். வைஃபை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"டேய் கொள்கை! இங்க வா!"

தம்பிக்கு வீட்டில் அந்தப் பெயர்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துப் பார்க்க முடியாத மென்பொருளைத் தொடவே மாட்டேன் என்று பதினொரு வருடமாக ஒற்றைக்காலில் நிற்பவன். வேவு பார்க்குமாம், அதனால் தன் லேப்டாப்பின் கேமராவைக் கழற்றியே எறிந்துவிட்ட மகாராசன். நேற்று மாலை அக்காவின் லேப்டாப்பில், அதோடு வந்த பழைய சிஸ்டத்துக்குப் பக்கத்திலேயே, யாரும் திறந்து படிக்கக்கூடிய லினக்ஸை நிறுவி ரீஸ்டார்ட் செய்தான். வைஃபை ஜோராக வேலை செய்தது. 'இந்த மாடலுக்கு மூடிய கோப்பு எதுவும் தேவையில்லை' என்று தன்னைப் போன்ற கொள்கைக்காரர்களின் இணையக் குழுவில் பெருமையாக எழுதினான். எழுபது பேர் கைதட்டினார்கள். அந்தச் சூட்டிலேயே பழைய சிஸ்டத்தை அடியோடு அழித்தான்.

இப்போது பிழைச் செய்தியைப் படித்ததும் அவனுக்குப் பகீரென்றது. வைஃபை அட்டைக்குச் சொந்தப் புத்தி கிடையாது. ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும், அதைச் செய்த கம்பெனியின் மூடிய சின்ன நிரலை உள்ளே ஏற்றினால்தான் கண் விழிக்கும். நேற்று பழைய சிஸ்டம் அதை ஏற்றியிருந்தது. ரீஸ்டார்ட்டில் மின்சாரம் அறுபடாததால் நிரல் அப்படியே தங்கிவிட்டது. இரவு அக்கா முழுசாக அணைத்தாள், போயே போயிற்று. அட அசடே, இதைக்கூடவா யோசிக்கவில்லை!

அக்கா கட்டட வரைபடம் போடுபவள். ஆறு வருடம் கழித்து வந்திருக்கும் முதல் அழைப்பு இது. வரைபடங்களைத் திரையில் காட்டி விளக்க வேண்டும். போனின் சின்னத் திரையில் ஆகாது, அந்த வீட்டுக்குள் போனுக்கு சிக்னலும் கிடைக்காது.

"உன் லேப்டாப்ப குடு."

"அதுல கேமரா இல்லக்கா."

"மைக்காவது இருக்கா?"

"அதையும் எடுத்துட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். இப்ப என்னதான்டா வழி?"

"ஒரு கோப்பு இருக்கு. என் லேப்டாப்ல இறக்கி, பென்டிரைவ்ல கொண்டு வந்து இதுல போடணும். ஆனா அது... மூடின கோப்புக்கா."

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"உன் கொள்கைய நான் என்னிக்காவது தப்பு சொல்லிருக்கேனா? மணி பத்தரை ஆச்சுடா."

கோப்பை இறக்கினான், கொண்டு வந்தான். கடைசிப் பொத்தான் மேல் விரல் நின்றது. பதினொரு வருடமும் அந்த விரலில் வந்து உட்கார்ந்தது. இதற்குப் போய் யோசிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அழுத்தினான். ரீஸ்டார்ட் ஆனதும் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் திரையில் வரிசைகட்டி நின்றன. அக்கா அவன் தலையில் ஒரு தட்டு தட்டி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் வெளியே தரையில் உட்கார்ந்தான். உள்ளே ஒரு ஆண் குரல் கேட்டது. "நடுவுல ஆறு வருஷம் வேலை பார்க்கலையே, என்ன காரணம்?"

"அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க சார். கூட ஒருத்தர் இருக்கணும். போன வருஷம் அவங்க போற வரைக்கும் நான் இருந்தேன்."

"வீட்ல வேற யாரும் இல்லையா?"

"தம்பி இருக்கான். அவனுக்கு வெளியூர்ல முக்கியமான வேலை."

அதில் குத்தல் எதுவும் இல்லை. மனசாரத்தான் சொன்னாள். அந்த ஆறு வருடமும் அவன் ஊர் ஊராகப் போய், எவர் தயவும் இல்லாமல் வாழலாம் என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தான். உள்ளே அக்கா ஒரு மாடிப்படியின் அளவுகளை நிதானமாக விளக்க ஆரம்பித்திருந்தாள்.

அவன் தன் லேப்டாப்பை மடியில் வைத்துக் குழுவைத் திறந்தான். நேற்று எழுதியதை அழித்துவிட்டு எழுதினான்: 'நான் சொன்னது தப்பு. இது தானாக ஓடவில்லை. வேறொருவர் முன்பே ஏற்றி வைத்திருந்ததால் ஓடியது. நான் கவனிக்கவில்லை.'