தொண்ணூற்றாறில் ஒரு நாட் அவுட்

ரூஃபஸ் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஈ காக்கை இல்லாத ஸ்டாப் சைனிலும் காரை முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான். பின்சீட்டில் நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். அப்பேர்ப்பட்டவன் 1997 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த அதே சட்டையோடு, நாங்கள் வேலைக்காக வந்து குடியேறிய பிஸ்கட்டவே ஊர் மைதானத்தில் கூசாமல் ஒரு பொய் சொன்னான். எல்லாம் பிரெண்டன் காலஹனால் வந்தது.

காலஹன் ஆஸ்திரேலியாவுக்காக இருபது டெஸ்டுக்கு மேல் ஆடியவர். அவருடைய கவர் டிரைவைப் புகழாத பேப்பர் இல்லை. ஆனால் டெஸ்டில் ஒரு சதம்கூடக் கிடையாது. தொண்ணூறு வந்தாலே மனுஷனுக்கு ஏதோ ஆகிவிடும். ஒன்று ரன் அவுட், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை ஒரு சுற்று. கடைசியில் டீமிலிருந்து தூக்கிவிட்டார்கள். மருந்துக் கம்பெனி வேலைக்குப் போய், சுற்றிச் சுற்றி எங்கள் ஆபீஸுக்கே மாற்றலாகி வந்து சேர்ந்தார். காஃபிடேரியாவில் டிரேயும் கையுமாக நின்றவரைப் பார்த்ததும் ரூஃபஸ் சாப்பாட்டையே மறந்துவிட்டான். பள்ளிக்கூட நாளில் பீரோ கதவில் அவர் படத்தை ஒட்டி அப்பாவிடம் உதை வாங்கியவன் அவன்.

நச்சரித்து நச்சரித்து எங்கள் டீமுக்கு ஆட இழுத்துவந்தோம். "ஒரே ஒரு ஆட்டம்தான்" என்றார். காரில் வரும்போது, "எந்த மைதானமானால் என்ன, தொண்ணூறைத் தாண்ட என்னால் முடியும் என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டும்" என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு ரூஃபஸ் அடிக்கடி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

எங்கள் லீகில் அம்பயருக்குத் தனியாக ஆள் கிடையாது. பேட்டிங் பண்ணுகிற டீமிலிருந்தே இரண்டு பேர் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார்கள். அதனால் எல்.பி.டபிள்யூ. என்ற ஒன்றே இங்கே கிடையாது. ரூஃபஸ் நின்றால் மட்டும் உண்டு. சொந்த மச்சானுக்கே முதல் பந்தில் விரலைத் தூக்கி, அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேக்கை இழந்தவன். எதிரணிக்காரர்களே அவனைக் கேட்டு வாங்கி நிறுத்துவார்கள்; அன்றைக்கும் அவன்தான்.

அன்றைக்குப் பக்கத்து ஊர் எடிசன் டீமைக் காலஹன் அடித்த அடி இருக்கிறதே! ஒன்பது வருஷம் மட்டையைத் தொடாத கை மாதிரியா இருந்தது? எதிர்முனையில் மட்டையோடு நின்ற எனக்கு ஒரே வேலை, அவர் ஆடுவதை வாய் பிளந்து பார்ப்பது.

தொண்ணூற்றாறில் ஒரு பந்து மட்டையை லேசாக உரசிக்கொண்டு கீப்பர் கைக்குப் போனது. மைதானமே கத்தியது. ரூஃபஸ் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"நாட் அவுட்."

கீப்பர் வாஞ்சிநாதன் அப்படியே நின்றுவிட்டார். "ரூஃபஸ் சார், நீங்களுமா?"

நான் பக்கத்தில் போனேன். "டேய், edge டா. எனக்கே கேட்டுச்சு."

"எனக்கும்தான் கேட்டுச்சு. மூடிட்டு உன் வேலையப் பாரு" என்றான். அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அம்பயர் விரலைத் தூக்காமல் ஆஸ்திரேலியாக்காரர்கள் நகர மாட்டார்கள். காலஹனும் தன் வாழ்நாளில் தானாக வெளியேறியதே இல்லை. இன்னும் ஒரே ஒரு ஃபோர் போதும். அடுத்த ஓவர் போட வேண்டியவரோ பந்தை வானத்துக்குப் போடுகிற டாக்டர் மணியன். காலஹன் ரூஃபஸையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். கிளவுஸைக் கழற்றி, வாஞ்சிநாதனுக்குக் கை கொடுத்துவிட்டு நடந்து வெளியே போய்விட்டார்.

ஆட்டத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம். ஆனால் ரூஃபஸ் யார் முகத்தையும் பார்க்காமல் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி கிருபாராணி கொண்டுவந்த பிரியாணியைக்கூடத் தொடவில்லை. காலஹன் தன் தட்டோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து நானும் போய் நின்றேன்.

"அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு ஆட்டம்?" என்றார்.

ரூஃபஸ் திகைத்துப்போய், ஒரு ஆட்டம்தான் என்றீர்களே என்று இழுத்தான்.

"நூறு இன்னும் அடிக்கவில்லையே. ஆனால் ஒன்று, என் மேல் பிரியம் இல்லாத ஆளாகப் பார்த்து அம்பயராக நிறுத்து."

ரூஃபஸ் டீம் மொத்தத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்.

"அப்படி ஒருத்தன் நம்ம டீம்ல யாருடா இருக்கான்?"